பினாங்கில் ஒன்பதரை டிகிரி

அந்தமானில் போர்ட் பிளேரின் ஹேடோ ஜெட்டியில் பத்து வருடம் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு முப்பத்து மூன்று வயதில் வெளியே வந்தவள் நான். ஒப்பந்தக் காலம் முடிந்தது, வந்துவிட்டேன். ஆனால் என் இடத்துக்கு வந்த ரேவதியும் மற்றப் பிள்ளைகளும் எனக்கு ‘பென்ஷன் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில்தான் போன் வருகிறது.

போன மாதம் உல்லாசக் கப்பலில் போய் வந்தேன். சிங்கப்பூரில் ஏறி, புக்கெட், பினாங்கு பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூரில் இறங்கும் ஐந்து நாள் பயணம். தெரிந்தவர்கள் எல்லாரும் சாப்பாடு எப்படி, நீச்சல் குளம் எப்படி என்று கேட்டார்கள். ரேவதி மட்டும் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டாள்:

“அக்கா, பினாங்குல கேங்வே எப்படி இருந்துச்சு? போட்டோ பேஜோ, ஒண்ணாச்சும் அனுப்புங்க. நம்ம ஜெட்டிக்கும் புது ஹைட்ராலிக் கேங்வே வந்தாச்சு. பட்டன் அமுக்கினா ஏறுது, அமுக்கினா இறங்குது. முன்னாடி நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதி வாங்கச் சொல்லி ஆபீஸ்ல உயிரை வாங்கறாங்க.”

இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

கேங்வே என்பது கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவே போடும் ஏறுபலகை. கைப்பிடி உண்டு, சக்கரம் உண்டு, ஆறேழு ஆட்கள் தள்ளினால் நகரும். பிரச்சினை பலகையில் இல்லை. ஜெட்டி இருந்த இடத்தில் இருக்கும், கப்பல் இருக்காது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, கப்பலும் கூடவே ஏறி இறங்குகிறது. காலையில் வீட்டுப் படி போல இருந்த கேங்வே மதியத்தில் ஏணியாகி நிற்கும். கைவீசி நடக்கிற ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. மெயின்லேண்டுக்கு வைத்தியத்துக்குப் போகும் நோயாளிக்கு இதுதான் முழு விஷயமும்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இருபத்து மூன்று வயதில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டவை: கயிறு இறுகிக் கிடக்கும்போது அதன் நேரே நிற்கக் கூடாது, மழைக்காலத்தில் செருப்பு போடக் கூடாது, சென்னைக் கப்பல் வருகிற நாளில் மதியச் சாப்பாட்டைப் பத்து மணிக்கே முடித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் தாஸ் சாரிடம் லிஸ்ட் காட்டியே வந்தது.

தாஸ் சார், கேங்வே போட்டு ஆட்களை ஏற்றி இறக்கும் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். வங்காளி, உயரம் குறைவு, சட்டையின் மேல் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்றாதவர். நான் சுபாவத்திலேயே செய்ய வேண்டிய வேலைக்கெல்லாம் லிஸ்ட் போடுகிறவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கப்பலுக்கு இருபத்திரண்டு வரியில் லிஸ்ட் போட்டுப் பெருமையாக நீட்டினேன். நின்றபடி வாசித்தார். பாராட்டவில்லை, திருத்தவுமில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். வலப்பக்கம் காலியான பாதியைத் தட்டிக் கேட்டார்:

“நஹி தோ?”

இல்லையென்றால் என்ன செய்வாய் என்று அர்த்தம். ஆம்புலன்ஸ் இரண்டு மணிக்கு வரும் என்று இடப்பக்கம் எழுதியிருந்தால், வராவிட்டால் என்ன என்று வலப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் நிரம்பாத லிஸ்டில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். பிறகு எங்கள் பிரிவில் எல்லாரும் தாளை நடுவில் மடித்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தோம். டீக்கடையில் பையன்கள் “ஏக் சமோசா” என்பார்கள், பின்னாலிருந்து ஒரு குரல் “நஹி தோ?” என்று கேட்கும்.

மூன்றாவது வருடம் செல்வி வந்தாள்.

வடக்கு அந்தமானில் திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருந்தவர் மகள், இருபத்திரண்டு வயது. பாக்கு காயப்போட்டிருந்த மொட்டைமாடியில் மழை வருகிறதென்று ஓடி அள்ளும்போது கால் தவறிக் கீழே விழுந்திருந்தாள். முதுகெலும்பில் அடி. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். விமானத்தில் ஸ்ட்ரெச்சருக்கு இடம் கிடைக்க நாள் ஆகும், அதுவரை பொறுக்க முடியாது, சென்னைக் கப்பலில் அனுப்பலாம் என்று முடிவானது. டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை எழுதிக் கொடுத்தார்: ஸ்ட்ரெச்சர் சாயக் கூடாது. தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் வந்து கட்டியது. நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய், கப்பலின் பக்கவாட்டுக் கதவின் வாசல் ஜெட்டித் தளத்துக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். அலை அட்டவணையைப் பார்த்தேன். மறுநாள் மதியம் இரண்டு இருபதுக்கு நீர் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் கதவு வாசலும் ஜெட்டியும் சரிமட்டமாகிவிடும், பலகை தரை போலக் கிடக்கும். லிஸ்டில் எழுதினேன்: ‘2.20, ஸ்ட்ரெச்சர் உள்ளே.’

வலப்பக்கத்தைக் காலியாக விட்டேன்.

தாஸ் சார் பென்சிலால் அந்தக் காலியிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “நஹி தோ?”

“சார், இது ஆம்புலன்ஸ் இல்ல, கடல். கடல் லேட்டா வராது,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை முழுக்க நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், செல்வியின் அப்பாவிடம் காகிதங்கள். ஒன்றரை மணிக்கு ஜெட்டிக்கு வந்து கப்பலைப் பார்த்ததும் மறுபடி டேப்பை எடுத்தேன். கதவு வாசல் என் கணக்குக்கு இரண்டடிக்கு மேல் உயரத்தில் இருந்தது.

கடல் சொன்னபடிதான் இறங்கியிருந்தது. கப்பல்தான் ஏறியிருந்தது. நேற்றுக் காலையிலிருந்து சரக்கை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்: சிமெண்ட், வெங்காயம், உருளைக்கிழங்கு, மூட்டை மூட்டையாக. பாரம் குறையக் குறையக் கப்பல் தண்ணீரில் மேலே எழும்பும். இது பாலிடெக்னிக்கில் படிக்கிற பாடம்கூட இல்லை, பள்ளிக்கூடப் பாடம். நான் நிறைசுமையோடு நின்ற கப்பலை அளந்துவிட்டுக் காலிக் கப்பலுக்கு நேரம் குறித்திருந்தேன். வெங்காயம் இல்லாமல் வாழ முடியாத தீவில் பிறந்து வளர்ந்தவள், இறங்குகிற வெங்காயத்தைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நீர் இனி ஓரிரு அங்குலம்தான் இறங்கும். இரண்டு இருபதை ஒட்டி அரை மணி நேரம் அப்படியே நிற்கும், பிறகு ஏறத் தொடங்கும். ஏற ஏறக் கதவு இன்னும் மேலே போகும். மாலையில் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த கப்பல் எப்போது என்று அன்று யாருக்கும் தெரியாது.

தாஸ் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். நேற்றைய அதே குரலில், ‘இப்போது சொல்’ என்று, புதிதாகக் கேட்பவர் போலக் கேட்டார்: “அப் போலோ, கலா. நஹி தோ?”

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். கேள்வி கேட்டதால் யோசித்தேன்.

கப்பலைத் தாழ்த்த முடியாது. ஆனால் ஒரு பக்கம் சாய்க்க முடியும். கப்பலின் அடியில் இரண்டு பக்கமும் சமநிலைக்காகத் தண்ணீர் நிரப்பிய தொட்டிகள் உண்டு. கடல் பக்கத் தொட்டியிலிருந்து ஜெட்டி பக்கத் தொட்டிக்குத் தண்ணீரை மாற்றினால் கப்பல் எங்கள் பக்கம் சாயும், கதவு வாசல் கீழே வரும். தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று டிகிரி சாய்ந்தால் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். மிச்சத்துக்கு ஜெட்டிப் பக்கம் மரப்பலகை அடுக்கினால் போதும்.

கப்பலின் சீஃப் ஆபீசர் மேத்யூ, மலையாளி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இந்தியில் சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பு உண்டு. “மேடம், கப்பலைச் சாய்ச்சா கிரேன் ஓட்ட முடியாது. கார்கோ நிக்கும். கார்கோ நின்னா சேலிங் லேட்டு. லேட்டுக்கு யார் பதில் சொல்றது?”

தாஸ் சார் அவரிடமும் அதையே கேட்டார். “நஹி தோ, மேத்யூ சாப்?”

மேத்யூ ஆம்புலன்ஸைப் பார்த்தார். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே செல்வியின் கால் மட்டும் தெரிந்தது, ஒரு காலில் கொலுசைக் கழற்ற மறந்திருந்தார்கள். அவர் வாக்கிடாக்கியை எடுத்தார்.

சரக்கு இறக்கும் ஆட்கள் நான்கு மணி டீயை இரண்டு மணிக்கே குடிக்க ஒப்புக்கொண்டார்கள். “சாய் தானே? எப்ப வேணா குடிப்போம்” என்றார் அவர்கள் மேஸ்திரி. பம்ப் ஓடியது. நாற்பது நிமிடம். அவ்வளவு பெரிய கப்பல் சாய்வது கண்ணுக்குத் தெரியாது. ஜெட்டித் தூணில் நான் சாக்பீஸால் போட்ட கோட்டை நோக்கிக் கதவு வாசல் விரல் விரலாக இறங்கியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வரிசையாக வந்து நின்று கோட்டைப் பார்த்தார்கள்.

ஸ்ட்ரெச்சர் பலகையில் ஏறும்போது செல்வி கண்ணைத் திறந்தாள். “அக்கா, கப்பல் சாயுதா, இல்ல எனக்குத்தான் தல சுத்துதா?”

“கப்பல்தான் சாயுது. உனக்காகத்தான்.”

“சும்மா சொல்லாதீங்க,” என்றாள்.

மட்டம் பார்க்க ஸ்ட்ரெச்சரின் மேல் நான் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் நீர்மட்டம் கடைசிவரை ஒரு பக்கமும் சாயவில்லை. அன்று மாலை தாஸ் சார் என் லிஸ்டை வாங்கி, காலியாக இருந்த வட்டத்துக்குள் ‘3 டிகிரி’ என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கப்பல் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

செல்வி பிழைத்தாள். கால்கள் திரும்பவில்லை. வேலூரில் ஒரு வருடம் இருந்துவிட்டு, சக்கர நாற்காலியில் திரும்பி வந்தாள். இப்போது போர்ட் பிளேர் பக்கம் சிப்பிகாட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஊர் முழுக்க அவளிடம்தான் கப்பல் டிக்கெட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடுகிறது. என்னிடம் மட்டும் காசு வாங்க மாட்டாள், ‘கப்பல் சாய்ச்ச அக்கா’ என்று உட்கார வைப்பாள்.

என் ஒப்பந்தம் முடிந்த வாரம் அவள்தான் இந்தப் பயணத்தைக் காட்டினாள். எனக்கு வேண்டியது ஓய்வு. அவளுக்கு வேண்டியது ஒரு பஸ்.

“பினாங்குல டவுன் பஸ் இருக்குக்கா. நிறுத்தத்துல வந்து நின்னதும் நம்ம பக்கம் குனியும். புஸ்ஸுனு காத்து விட்டுட்டு இறங்கும். டிரைவர் ஒரு பலகையைப் போடுவாராம், நாமளா ஏறிக்கலாம். வீடியோ பாத்தேன்.” போனை என்னிடம் நீட்டினாள். “எட்டு வருஷம் ஆச்சு நானா பஸ் ஏறி. இங்க ஏறணும்னா நாலு பேர் தூக்கணும். தூக்கறவங்க நல்லவங்கதான். ஆனா ஒவ்வொரு தடவையும் மூட்டை மாதிரிதான் ஏர்றேன். ஒரே ஒரு ஸ்டாப் போதும். யாரும் தூக்காம.”

இருவரும் கிளம்புமுன் நான் லிஸ்ட் போட்டேன், தாளை நடுவில் மடித்து. சிங்கப்பூரில் கட்டடத்திலிருந்து கப்பலுக்குள் வீட்டுக் கூடம் போல ஒரு மூடுபாலம், ஏறியதே தெரியவில்லை. புக்கெட்டில் கப்பல் நடுக்கடலில் நின்றது. சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும், சக்கர நாற்காலியைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அது முன்பே தெரியும், லிஸ்டில் இருந்தது. அன்று கப்பலிலேயே இருந்தோம். செல்வி பிங்கோ விளையாடி ஒரு பேனா ஜெயித்தாள்.

ஆக, பினாங்கு ஒன்றுதான் பாக்கி.

காலை எட்டு மணிக்குக் கப்பல் கட்டியது. மேல்தளத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கண்ணாடி அடுக்குமாடிகள், இன்னொரு பக்கம் ஓட்டுக்கூரைக் கடைவீதி, பின்னால் மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்ட மலை. எதிர்க்கரைக்குப் படகுகள் போய் வந்தன. நிறுத்தத்தில் பஸ் ஒன்று வந்து நின்று, ஒரு பக்கம் தாழ்ந்து, நிமிர்ந்து, போனது. செல்வி என் கையைக் கிள்ளினாள்.

கீழே கேங்வே வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். சாய்வு பதினைந்து டிகிரி, சக்கர நாற்காலிப் பயணிகளுக்கு இன்று கரை இறக்கம் இல்லை.

அங்கே பொறுப்பில் இருந்தவர் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண், என் வயதுதான் இருக்கும். பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்தால் நாற்காலிக்கு அனுமதியில்லை என்பது கப்பலின் விதி என்றார். மன்னிப்பும் கேட்டார். விதி சரியான விதி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் ‘இப்போது இல்லை’ என்பதும் ‘இன்று இல்லை’ என்பதும் ஒன்றல்ல.

போனில் பினாங்கின் அலை அட்டவணையை எடுத்தேன். ஒன்பது மணிக்கு நீர் உச்சத்துக்கு வரும். மூன்று பத்துக்கு அடிமட்டம். கேங்வேயின் நீளத்தைக் காலடியால் அளந்தேன். பிறகு மரிசெல்லிடம் கேட்டேன்: “இன்று தண்ணீர் ஏற்றுகிறீர்களா? எண்ணெய்? கனமாக எதையாவது இறக்குகிறீர்களா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “குப்பை மட்டும்தான் இறக்குகிறோம். ஏன், நீங்கள் கப்பல் ஊழியரா?”

“ஜெட்டி ஊழியர். ஓய்வு பெற்றுவிட்டேன்.”

“ஓய்வா? உங்கள் ஊரில் எத்தனை வயதில் ஓய்வு கொடுக்கிறார்கள்? நானும் விண்ணப்பிக்கிறேன்.”

பன்னிரண்டு பத்துக்குச் சாய்வு பத்துக்கு வந்துவிடும் என்றேன். அவர் தன் சாய்வு அளக்கும் கருவியைக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தார், பதினைந்து. சிறிது யோசித்தார். “அறிவிப்பை நான் எடுக்க முடியாது. ஆனால் மறுபடி அளக்க முடியும். பதினொன்று ஐம்பதுக்கு வாருங்கள்.”

பதினொன்று ஐம்பதுக்குச் சாய்வு பதினொரு டிகிரியாக இருந்தது.

கப்பல் காலியாகிவிட்டது, நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஊருக்குள் போய்விட்டார்கள். அங்கே நின்ற மாலுமிகளில் நான்கு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் முன்னால் வந்து, மிகவும் மரியாதையாக, நாற்காலியோடு தூக்கிக் கீழே விடுகிறோம், இரண்டு நிமிட வேலை என்றான். அதற்கு விதியில் இடம் உண்டு என்று மரிசெல்லும் தலையாட்டினார்.

செல்வி “நோ, தேங்க் யூ” என்றாள்.

நான் குனிந்து அவளிடம் தமிழில் சொன்னேன்: “ரெண்டு நிமிஷந்தானே செல்வி? கீழ போனா பஸ்ஸு. பஸ்ஸுல நீயாத்தானே ஏறப் போற? பன்னிரண்டு பத்துக்கும் சாய்வு குறையலன்னா என்ன பண்ணுவ?”

அவள் என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள். பினாங்கு என்ற வரிக்கு நேரே, வலப்பக்கத்தில், வீட்டில் உட்கார்ந்து நான் எழுதியது இருந்தது: ‘நால்வர் தூக்கலாம்.’ இரண்டு வார்த்தை. எழுதும்போது அதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

“இத ஊர்ல இருக்கும்போதே எழுதிட்டீங்களா?”

“ஒரு சேஃப்டிக்கு...”

“அக்கா, அன்னிக்கு என் பேருக்கு மேல உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்காகக் கப்பலையே சாய்ச்சீங்க. இப்ப எட்டு வருஷமாத் தெரியும், என்னைத் தூக்கச் சொல்றீங்க.” குரலை உயர்த்தவில்லை. அதனால் இன்னும் உறைத்தது. “நான் கேட்டதே ஒண்ணுதான், யாரும் தூக்கக் கூடாதுன்னு. அந்தத் தூக்கறதையே நீங்க நஹி தோவுல போட்டு வெச்சிருக்கீங்க.”

பிங்கோ பேனாவை எடுத்து அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தாள். மேலே வேறொன்று எழுதினாள். தாளை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. மாலுமிகளுக்குத் தமிழ் தெரியாது; ஆனால் நால்வரும் ஒரு அடி பின்னால் போய் நின்றார்கள்.

பன்னிரண்டு பத்துக்கு மரிசெல் அளந்தார். பத்தரை.

நான் சொன்ன நேரம் தவறிவிட்டது. ஜெட்டி வேலையில் இருந்தால் ‘அட்டவணைக்கும் கடலுக்கும் கால் மணி வித்தியாசம் சகஜம்’ என்று யாரிடமாவது சொல்லியிருப்பேன். அங்கே போனைப் பையில் போட்டுவிட்டேன். செல்வி சக்கரம் உருட்டும் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள். வெளியே நிறுத்தத்தில் இன்னொரு பஸ் குனிந்து நிமிர்ந்து போனது. எங்கள் மூன்று பேரின் கண்ணும் அந்தக் கருவியின் சிறிய திரையில் இருந்தது. பத்து புள்ளி மூன்று. பத்து புள்ளி ஒன்று. மரிசெல் ஒவ்வொரு எண்ணையும் தாழ்ந்த குரலில் வாசித்தார்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஒன்பதரை. மரிசெல் வாக்கிடாக்கியில் மேலே பேசினார், பதிலுக்குக் காத்திருந்தார், பிறகு தன் கையாலேயே அந்த அறிவிப்புப் பலகையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

விதிப்படி நாற்காலியின் பின் பட்டையை அவர் பிடித்துக்கொண்டார். “பிடித்துக்கொள்வேன், தள்ள மாட்டேன்” என்று சொல்லித்தான் பிடித்தார். செல்வி இரண்டு கையாலும் சக்கரத்தை இறுக்கி, விட்டு, இறுக்கி, விட்டு, இறங்கினாள். நடுவில் ஒருமுறை நிறுத்திக் கீழே கடலைப் பார்த்தாள். கடைசி இரண்டடியில் கையை எடுத்துவிட்டாள். நாற்காலி தானாக உருண்டு பினாங்கின் தரையில் போய் நின்றது.

பஸ் டிரைவர் தமிழர், நரைத்த மீசை. எங்களைப் பார்த்ததும் பட்டனை அமுக்கினார். பஸ் பெருமூச்சு விட்டுக் குனிந்தது. இறங்கி வந்து மடித்திருந்த பலகையை விரித்துப் போட்டார். செல்வி ஏறினாள். யாரும் அவளைத் தொடவில்லை. உள்ளே அவளுக்கென்று விட்டிருந்த இடத்தில் திரும்பி நிற்பதற்கு மூன்று தடவை முன்னும் பின்னும் போனாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“எந்த ஊரும்மா?” என்றார் டிரைவர்.

“அந்தமான்.”

“அந்தமானா! அங்க இன்னும் ஜெயில்தானே?”

“ஆமா, அண்ணே. பரோல்ல வந்திருக்கோம்.”

அவர் சிரித்த சிரிப்பில் முன்வரிசையில் இருந்த சீனப் பாட்டியும் காரணம் தெரியாமலே சிரித்தார்.

“எங்க இறங்கணும்?”

என் லிஸ்டில் ஒரு நிறுத்தம் என்று இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். செல்வி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “இறங்கணும்னு யார் சொன்னா?”

கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். இடையில் ஒரு கடைத்தெருவில் மட்டும் இறங்கினோம். அந்த ஊரிலும் எல்லாம் சரியில்லை. பழைய கடைகளின் முன்நடையில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு படி, படி இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள். செல்வி ரோட்டோரமாகவே உருட்டிக்கொண்டு வந்தாள், ஒவ்வொரு இடத்தையும் போனில் படம் பிடித்தாள், சரியானதையும் சரியில்லாததையும். ஒரு தமிழ்க் கடையில் நுரை பொங்க டீ குடித்தோம். மறுபடி பஸ். மறுபடி அது குனிந்தது.

நாலு இருபதுக்கு ஜெட்டிக்கு வந்தபோது சாய்வு ஆறரை. ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டம். பாதியில் மூச்சு வாங்க நின்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், சும்மா விட்டால் அது தானாகப் போய்த் தள்ளிவிடும். மேலே அந்த நான்கு மாலுமிகளும் அதே மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் வாசலைத் தாண்டியதும் ஒருவன் மட்டும் தாங்க முடியாமல் கை தட்டினான்.

கேபினுக்கு வந்த பிறகு தாளைக் கொடுத்தாள். “டிக் போடுங்க.”

அப்போதுதான் அவள் எழுதியதைப் பார்த்தேன். ‘நால்வர் தூக்கலாம்’ என்பதை அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தாள்: ‘காத்திருக்கலாம்.’

ஊருக்கு வந்ததும் அந்தப் படங்களையெல்லாம் வரிசைப்படுத்திவிட்டாள். போர்ட் பிளேருக்கும் இப்படிக் குனியும் டவுன் பஸ் கேட்டு ஒரு விண்ணப்பம் தயாராகிறது. ஊருக்கே விண்ணப்பம் எழுதுகிறவளுக்குத் தனக்கு எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது. எந்தப் பஸ், எந்த நிறுத்தம், பலகையின் நீளம் என்ன, சாய்வு எத்தனை டிகிரி என்ற கணக்கு என் பொறுப்பு. தாளை நடுவில் மடித்துத்தான் எழுதுகிறோம்.

ரேவதி, புது கேங்வேயில் பட்டன் இருப்பது நல்ல செய்தி. ஆனாலும் சரக்கு இறங்கும் கப்பலை இரண்டு முறை அள. லிஸ்டில் வலப்பக்கத்தை விடாதே. அங்கே எதையாவது எழுதும் முன்பு, பலகையில் ஏறப்போகிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. எனக்கு அதைச் சொல்லித் தர எந்தப் பாலிடெக்னிக்கிலும் ஆள் இல்லை.

பினாங்கு கேங்வேயை நான் போட்டோ எடுக்கவில்லை, கை வேலையாக இருந்தது. அதற்குப் பதிலாக அந்தத் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறேன். பிங்கோ பேனாவில் அடித்திருக்கிற வரியைப் பார்.